சுவரிலும் தரையிலும் வினைல் ஒட்டுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடத்துச் சுவரில் ஒட்டும் மரக்கிளைப் படம், நிலைப்படியில் ஒட்டும் கோலம், சமையல் மேடைக்கு வாங்கும் பளிங்குத் தோற்றமுள்ள தாள், மரப்பலகை போலத் தெரியும் தரை ஒட்டு ஆகியவை பெரும்பாலும் ஒரே பொருளால் ஆனவை. இவற்றின் பசை எதைப் பற்றிக்கொள்கிறது என்றால், சுவரின் மீதோ தரையின் மீதோ கடைசியாகப் படிந்திருக்கும் படலத்தைத்தான். அந்தப் படலம் சுண்ணாம்புத் தூளாக இருந்தால் ஒட்டு தூளோடு உதிரும். எண்ணெயாக இருந்தால் நழுவும். ஈரமாக இருந்தால் ஊறிக் கிளம்பும். எங்கள் வீட்டிலும் உறவினர் வீடுகளிலும் பல ஆண்டுகளாக ஒட்டியும் பிரித்தும் பார்த்த பிறகு, என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

வினைல் என்பது என்ன? காகித ஸ்டிக்கருக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

வினைல் என்று கடைக்காரர்கள் சொல்வது பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கைத்தான், வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அதே பொருள்தான். குழாய் விறைப்பாகவும் ஸ்டிக்கர் துணி போல மென்மையாகவும் இருப்பதற்குக் காரணம், ஸ்டிக்கருக்கான பி.வி.சி.யில் மென்மையாக்கும் எண்ணெய்ப் பொருள் ஒன்று கலக்கப்படுவதே. அமெரிக்காவில் குட்ரிச் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டோ சீமன் என்ற வேதியியலாளர் 1926இல் இந்த முறையில் பி.வி.சி.யை வளையச் செய்தார். 1933இல் சிகாகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் வினைல் தரை ஓடுகள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன.

இந்தப் பழைய செய்தியை நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்த மென்மையாக்கும் பொருள் காலப்போக்கில், அதிலும் வெயிலும் வெப்பமும் பட்ட இடத்தில், மெல்ல மெல்ல வெளியேறுகிறது. அப்போது தாள் விறைத்து, சுருங்கி, ஓரங்களில் எழும்புகிறது. மேற்குப் பார்த்த சன்னல் அருகே ஒட்டிய படம் விரைவில் சுருள்வதும், அதே படம் உள்ளறையில் பல ஆண்டுகள் அப்படியே இருப்பதும் இதனால்தான்.

காகித ஸ்டிக்கர் தண்ணீர் பட்டால் ஊறிவிடும், வினைல் ஊறாது. ஆனால் வினைல் ஊறாவிட்டாலும் அதன் அடியிலுள்ள பசைக்கும் அந்தப் பசை பற்றியிருக்கும் சுவருக்கும் ஈரம் பகைதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பசை காய்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

இது தச்சர் பூசும் வெள்ளைப் பசை போலக் காய்ந்து இறுகும் பசை அன்று. எப்போதும் பிசுபிசுப்பாகவே இருந்து, அழுத்தம் கொடுக்கக் கொடுக்கப் பரப்பின் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களுக்குள் மெல்லப் பாய்ந்து பிடித்துக்கொள்ளும் பசை இது. அதனால் ஒட்டிய உடனே இருக்கும் பிடி முழுப் பிடி அன்று. முழு வலு வருவதற்கு ஒரு நாள் முதல் மூன்று நாட்கள் வரை ஆகும். ஒட்டிய அன்று மாலையே சரியாகப் பிடித்திருக்கிறதா என்று நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதற்கு மாறாக, அன்றும் மறுநாளும் ஓரங்களை ஒரு துணியால் அழுத்தித் தேய்த்துவிடுவது நல்லது.

எங்கள் வீட்டுச் சுவரில் ஸ்டிக்கர் நிற்குமா என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

உலர்ந்த உள்ளங்கையைச் சுவரில் வைத்து ஒரு சாண் நீளத்துக்கு அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளையாகவோ சுவரின் நிறத்திலோ மாவு போல ஒட்டிக்கொண்டு வந்தால், அந்தச் சுவரில் நேரடியாக எதையும் ஒட்டாதீர்கள். சுண்ணாம்பு அடித்த சுவரும், பழைய டிஸ்டெம்பர் சுவரும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பசை நன்றாகவே பிடிக்கும். ஆனால் அது பிடித்திருப்பது தூளை. தூள் சுவரை விட்டு உதிரும்போது ஸ்டிக்கரும் சேர்ந்து விழுகிறது. பசை சரியில்லை என்று கடைக்காரரைக் குறை சொல்பவர்கள், கீழே விழுந்த ஸ்டிக்கரைத் திருப்பிப் பார்த்தால், பசை முழுவதும் சுண்ணாம்பு மூடியிருப்பதைக் காணலாம்.

கை சுத்தமாக இருந்தால் இரண்டாவது சோதனை. ஒரு மாஸ்கிங் டேப் துண்டைச் சுவரில் நன்றாக அழுத்தி ஒட்டி, ஒரு நாள் விட்டு, பிறகு மெதுவாக உரியுங்கள். டேப் தானாகவே விழுந்திருந்தால் ஸ்டிக்கரும் விழும். டேப்போடு பெயின்ட் உரிந்து வந்தால், ஸ்டிக்கர் நிற்கும். ஆனால் அதை என்றாவது எடுக்கும்போது பெயின்டும் சேர்ந்து வரும். டேப் மட்டும் சுத்தமாக உரிந்து வந்தால் அந்தச் சுவர் தகுதியான சுவர்.

தூள் உதிரும் சுவரில்தான் ஒட்ட வேண்டும் என்றால், ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தூளை நீக்கி, பிரைமர் ஒரு கோட் அடித்து, அதன் மேல் எமல்ஷன் அடித்த பிறகே ஒட்ட வேண்டும். பட்டி பார்த்து வழவழப்பாக்கிய சுவரானாலும், பட்டியின் மேல் பெயின்ட் அடிக்காமல் விட்டிருந்தால் அதுவும் தூள் சுவர்தான். சொரசொரப்பான வெளிச்சுவரிலும், மணல் பூச்சு தெரியும் சுவரிலும் ஒட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. அங்கே பசை மேட்டின் நுனிகளை மட்டுமே தொடும். பள்ளங்கள் எல்லாம் காற்றாகவே இருக்கும்.

புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறோம். கிரகப்பிரவேசத்துக்கு முன்பே ஒட்டிவிடலாமா?

கூடாது. தொட்டால் கையில் ஒட்டாத நிலையைத்தான் நாம் காய்ந்துவிட்டது என்கிறோம். ஆனால் பெயின்ட் உள்ளுக்குள் முழுதாக இறுகுவதற்கு மூன்று அல்லது நான்கு வாரங்கள் ஆகும். அதுவரை அதிலிருந்து ஈரமும் ஆவியும் வெளியேறிக்கொண்டே இருக்கும். மேலே வினைலை ஒட்டினால் ஆவி போக வழியின்றிக் குமிழிகளாக எழும்பும், அல்லது இளகிய பெயின்ட் பசையோடு கலந்து பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிடும். கறை படியாமல் கழுவிவிடக்கூடிய பெயின்ட் வகைகளில், முழுதாக இறுகிய பிறகும் ஸ்டிக்கரின் பிடி குறைவாகவே இருக்கும். அத்தகைய சுவரில் மாஸ்கிங் டேப் சோதனை செய்யாமல் வாங்க வேண்டாம்.

சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது. ஸ்டிக்கர் ஒட்டி மறைக்கலாமா?

மறைக்கக் கூடாது. உப்புப் பூத்த சுவரில் ஒட்டினால் சில வாரங்களில் உப்பே ஸ்டிக்கரைத் தள்ளிவிடும். அது விழாமல் நின்றாலும், வெளியேற வழியில்லாத ஈரம் பக்கத்து இடங்களுக்குப் பரவி, அடியில் பூஞ்சை பிடிக்கும். குழந்தையின் கட்டில் ஓரத்துச் சுவரில் இப்படி மறைத்துவைப்பது உடல்நலத்துக்கும் கேடு. கசிவை முதலில் சரிசெய்யுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து சுவர் நன்றாக உலர்ந்த தை, மாசி மாதங்களே இந்த வேலைக்கு ஏற்றவை.

நுணுக்கமான படங்களை, துண்டு துண்டாகச் சிதறாமல் எப்படி ஒட்டுவது?

இத்தகைய படங்களுக்கு மூன்று அடுக்குகள் உண்டு. பசையைக் காக்கும் பின்தாள் அடியிலும், படம் நடுவிலும், படத்தின் துண்டுகளை இடம் மாறாமல் பிடித்துக்கொள்ளும் மேல்தாள் மேலேயும் இருக்கும். தோகை விரித்த மயில் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கொண்டையில் மூன்று மெல்லிய கோடுகள், ஒவ்வொன்றும் தீக்குச்சியின் கனம்கூட இருக்காது. பெரும்பாலோர் தவறவிடுவது இந்த மூன்று கோடுகளைத்தான்.

முதலில் சுவரை ஈரத்துணியால் துடைத்து முழுமையாக உலர விடுங்கள். பின்தாளோடு சேர்த்துப் படத்தைச் சுவரில் வைத்து, எட்டி நின்று பார்த்து, இடத்தை முடிவு செய்து, மாஸ்கிங் டேப்பால் மேல் ஓரத்தை மட்டும் பிடிப்பியுங்கள். ரசமட்டம் இருந்தால் வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் தரையிலிருந்து இரு ஓரங்களையும் அளந்து சரிபாருங்கள். அதன் பிறகு படத்தை எடுத்து மேசையில் குப்புற வைத்து, பின்தாள் மேலே இருக்கும்படி, ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையால் எல்லா இடத்திலும் அழுத்தித் தேய்க்க வேண்டும். மேல்தாளில் படம் நன்றாகப் பிடித்துக்கொள்வதற்காகவே இது.

இப்போது பின்தாளை உரியுங்கள். மேல்நோக்கி இழுக்காமல், தாளை அதன் மீதே மடித்துப் படுக்கவைத்து, பின்னோக்கி மெதுவாக இழுக்க வேண்டும். கொண்டைக் கோடு பின்தாளோடு வரத் தொடங்கினால் நிறுத்துங்கள். தாளைத் திரும்பப் படியவைத்து, அந்த இடத்தில் மட்டும் நகத்தால் அழுத்தித் தேய்த்து, மீண்டும் உரியுங்கள். இந்த இடத்தில் அவசரப்படுபவர்கள்தான் கொண்டையில்லாத மயிலை ஒட்டுகிறார்கள்.

சுவரில் ஒட்டும்போது நடுவிலிருந்து ஓரங்களுக்கு அழுத்திக்கொண்டே போக வேண்டும். ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வந்தால் காற்று சிக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் அட்டையை மெல்லிய பருத்தித் துணியில் சுற்றிக்கொண்டால் கீறல் விழாது. கடைசியாக மேல்தாளையும் அதே போல மடித்துப் படுக்கவைத்தே உரிக்க வேண்டும். பெரிய படங்களுக்கு இரண்டு பேர் தேவை.

சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டலாம் என்கிறார்களே?

கண்ணாடி, ஃபிரிட்ஜ், பளபளப்பான ஓடு போன்ற நீர் உறிஞ்சாத பரப்புகளில், பெரிய ஒற்றைத் தாளை ஒட்டும்போது இது நல்ல முறை. ஒரு தெளிப்பான் பாட்டில் தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு மூன்று சொட்டுகள் போதும். பரப்பிலும் பசையிலும் தெளித்தால் தாள் நகர்ந்து கொடுக்கும். இடத்தைச் சரிசெய்துகொண்டு, தண்ணீரை நடுவிலிருந்து வெளியே வழித்துவிட வேண்டும். பெயின்ட் அடித்த சுவரில் இதைச் செய்யாதீர்கள். தண்ணீர் வெளியேற வழி இருக்காது. எளிதில் பிரித்தெடுக்கக்கூடியது என்று விற்கப்படும் சுவர் ஸ்டிக்கர்களில் பெரும்பாலும் நீரை அடிப்படையாகக் கொண்ட பசை இருப்பதால், அவற்றுக்கும் இந்த முறை ஒத்துவராது.

குமிழி வந்துவிட்டால் என்ன செய்வது?

சிறிய குமிழிகளை இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். சில தாமாகவே அடங்கும். அடங்காதவற்றை மெல்லிய ஊசியால் குமிழியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் சாய்வாகக் குத்தி, காற்றைத் துளையை நோக்கி விரலால் தள்ளுங்கள். பிளேடால் கீறினால் அந்தக் கீறல் நாளடைவில் வாய் பிளக்கும்.

நிலைப்படியிலும் வாசலிலும் கோல ஸ்டிக்கர் ஏன் சில நாட்களிலேயே கிளம்பிவிடுகிறது?

வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசிக் குங்குமம் இட்ட நிலைப்படியில், மரத்தின் மீது மெல்லிய தூள் படலம் எப்போதும் இருக்கும். ஒட்டுவதற்கு முன் அதை ஈரத்துணியால் பலமுறை துடைத்து, உலர்ந்த பிறகு மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைக்க வேண்டும். பஞ்சு மஞ்சளாக வருகிற வரைக்கும் மரம் தயாராகவில்லை என்று பொருள். வாசல் கல்லில் கோலமாவு கல்லின் துளைகளுக்குள் இறங்கியிருக்கும். அதைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்து, குறைந்தது அரை நாள் வெயிலில் காயவிட்ட பிறகே ஒட்டுங்கள்.

கூர்மையான மூலைகளைக் கத்தரிக்கோலால் சற்று வட்டமாக வெட்டிவிட்டால், துடைப்பமும் காலும் பட்டுக் கிளம்புவது பெருமளவு குறையும். அழகைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. தினமும் நீர் தெளிக்கும் வாசற்படியில், கால் வைக்கும் இடத்தில் வழவழப்பான ஸ்டிக்கர் ஒட்டுவது வயதானவர்களை வழுக்கி விழச் செய்யும். படியின் நின்ற முகப்பிலோ, நடைபாதையை விட்டு ஒதுங்கிய மூலையிலோ ஒட்டுங்கள். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் மிதிக்கும் படியில் ஒட்டுவதை நான் எப்போதுமே தடுத்துவந்திருக்கிறேன்.

சமையலறை மேடையிலும் அடுப்புக்குப் பின் சுவரிலும் ஒட்டலாமா?

மேடையின் ஓரங்களிலும், அலமாரிக் கதவுகளிலும், அடுப்பிலிருந்து தள்ளியிருக்கும் சுவர் ஓடுகளிலும் ஒட்டலாம். அடுப்புக்கு நேர் பின்னாலும் இரு பக்கமும் குறைந்தது ஓர் அடி தொலைவுக்கும் வினைல் வேண்டாம். பெரிய வாணலியை வைத்துப் பொரிக்கும்போது தீ நாக்கு வாணலியைச் சுற்றிப் பின்சுவரை நோக்கிப் படரும். சுமார் 60 டிகிரிக்கு மேல் சூடேறினாலே வினைல் இளகத் தொடங்கும், தீப்பற்றினால் மூச்சை அடைக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். அந்த இடத்துக்கு ஓடோ கருங்கல்லோதான் பொருத்தம். பூசை அலமாரியில் குத்துவிளக்கும் கர்ப்பூரத் தட்டும் வைக்கும் இடத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

சமையலறை ஓடு பார்ப்பதற்குச் சுத்தமாக இருந்தாலும், தாளிப்பின் எண்ணெய்ப் புகை அதில் படிந்திருக்கும். விரலை ஓட்டில் இழுத்தால் சறுக்காமல் சற்றே பிசுக்கோடு நிற்பதை உணரலாம். வெந்நீரும் பாத்திரம் துலக்கும் திரவமும் கொண்டு இரண்டு முறை கழுவி, நல்ல தண்ணீரால் துடைத்து, இறுதியில் ஸ்பிரிட்டால் துடையுங்கள். பாத்திரம் துலக்கும் கட்டியைப் பயன்படுத்தினால் வெள்ளைப் படிவு எஞ்சிவிடும். கடப்பா கல் மேடையாக இருந்தால், அதன் சொரசொரப்பான அடிப்பகுதியிலும் வெட்டு முகத்திலும் பிடி குறைவு. மெருகேற்றிய மேல்முகத்தில் மட்டுமே நம்பி ஒட்டலாம்.

தரைக்கு வருவோம். பின்தாளை உரித்து ஒட்டும் வினைல் பலகைகளை எந்தத் தரையில் ஒட்டலாம்?

உறுதியான, சமமான, உலர்ந்த தரையில் ஒட்டலாம். மொசைக் தரை இதற்கு மிக ஏற்றது. மெழுகோ மெருகு எண்ணெயோ இருந்தால் மட்டும் நீக்க வேண்டும். செராமிக் ஓடு பதித்த தரையிலும் ஒட்டலாம். ஆனால் ஓடுகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தை நிரப்பாமல் ஒட்டினால், 2 மி.மீ. கனமுள்ள வினைலின் மேல் சில மாதங்களில் அந்தக் கோடுகள் அப்படியே பதிந்து தெரியும். நிரப்புவதற்குத் தரைக்கென்றே விற்கப்படும் சிமெண்ட் கலவையை வாங்குங்கள். சுவருக்கு அடிக்கும் பட்டியைத் தரையில் பூசினால், நடமாட்டத்தின் அழுத்தத்தில் அது பொடிந்து, ஒட்டு அந்தப் பொடியின் மீது மிதக்கும்.

சிமெண்ட் தரையில் தூள் உதிர்ந்தால் பிரைமர் அவசியம். புதிய சிமெண்ட் தளத்துக்கு 28 நாள் நீராற்றல் முடிந்தாலே போதும் என்று நினைக்க வேண்டாம். அது கான்கிரீட் வலுப்பெறும் கணக்கு. உள்ளிருக்கும் நீர் வெளியேறுவதற்குத் தளத்தின் ஒவ்வோர் அங்குலக் கனத்துக்கும் ஏறக்குறைய ஒரு மாதம் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நான்கு அங்குலத் தளத்துக்கு நான்கு மாதங்கள் பொறுப்பது நல்லது.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையிலும், பழைய சிவப்பு ஆக்சைடு தரையிலும் தயவுசெய்து ஒட்டாதீர்கள். இவை பல ஆண்டுகளாகத் தேங்காய் எண்ணெய் தேய்த்து மெருகேற்றப்பட்டவை, பசை பிடிக்காது. பிடிக்க வைப்பதற்காக மேற்பரப்பைத் தேய்த்துக் கெடுத்தால், செட்டிநாட்டுக் கைவினைஞர் கண்ணாடியின் மீது வண்ணக் கலவையை ஊற்றி வார்த்த அந்த மெருகு திரும்ப வரவே வராது. நிறம் மங்கியிருந்தால் நன்றாகத் துடைத்து மீண்டும் எண்ணெய் தேய்த்தாலே பெரும்பாலும் உயிர் பெற்றுவிடும்.

தரையில் ஈரம் இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒன்றரை அடிச் சதுரமான, கனமான பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் அகலமான டேப்பால் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிடுங்கள். பிரிக்கும்போது தாளின் அடியில் நீர்த்துளிகள் இருந்தாலோ, அந்தச் சதுரம் மட்டும் கருமையாகத் தெரிந்தாலோ தரை ஈரமாக இருக்கிறது. ஒரே இடத்தில் செய்தால் போதாது. வெளிச்சுவர் ஓரத்திலும், குளியலறைக்கு அருகிலும், அறையின் நடுவிலும் செய்து பாருங்கள்.

இந்தச் சோதனையை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு எங்கள் வீட்டுக் கூடமே காரணம். தரைத்தளத்தில் இருக்கும் அந்தக் கூடத்தில், பங்குனி வெயிலில் தரை காய்ந்து வெளுத்திருந்ததைப் பார்த்துவிட்டு, சோதிக்காமலே ஒட்டினோம். கார்த்திகை மாதத்தில், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தபோது, பலகைகளின் இணைப்புகளில் பழுப்பு நிறத்தில் தேன் போல ஏதோ கசிந்து, நடக்கும்போது பாதத்தில் பிசுபிசுவென்று ஒட்டியது. ஒரு பலகையை நெம்பி எடுத்துப் பார்த்தால், பசை முழுவதும் கூழாகியிருந்தது. தரையில் வெள்ளை உப்புப் பொடி படர்ந்திருந்தது. சிமெண்டிலிருந்து காரத்தோடு மேலேறி வரும் ஈரம் பசையைக் கரைத்துவிடும் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. என் அம்மாவுடன் சேர்ந்து அத்தனை பலகைகளையும் எடுத்து, தரையைச் சுரண்டிச் சுத்தம் செய்ய நான்கு நாட்கள் ஆயின. சோதனைக்கு ஆகியிருக்கக்கூடியது ஓர் இரவு.

எவ்வளவு வாங்க வேண்டும்?

10 அடிக்கு 12 அடி அறையின் பரப்பு 120 சதுர அடி. வெட்டும்போது வீணாவதற்காக 10 விழுக்காடு சேர்த்தால் 132 சதுர அடி. 6 அங்குல அகலமும் 36 அங்குல நீளமும் உள்ள பலகை ஒன்று ஒன்றரை சதுர அடி. ஆகவே 88 பலகைகள் வேண்டும். பெட்டிகள் எல்லாவற்றிலும் ஒரே தொகுதி எண் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். தொகுதி மாறினால் நிறத்தில் சிறு வேறுபாடு இருக்கும். கடை விளக்கில் தெரியாது, வீட்டுப் பகல் வெளிச்சத்தில் தெரியும்.

பலகைகளை ஒட்டும் வரிசை என்ன?

பெட்டிகளை ஒட்டப்போகும் அறையிலேயே, தரையில் படுக்கைவசமாக இரண்டு நாள் வைத்திருங்கள். வண்டியிலும் கிடங்கிலும் சூடேறி விரிந்த பலகையை உடனே ஒட்டினால், பிறகு சுருங்கி இணைப்புகளில் இடைவெளி விழும்.

தரையின் சமத்தைப் பார்க்க, நீளமான மட்டப்பலகையைத் தரையில் பல திசைகளில் வைத்துப் பாருங்கள். 10 அடி நீளத்தில் 5 மி.மீ.க்கு மேல் பள்ளம் இருந்தால் நிரப்ப வேண்டும். ஒரே ஒரு மணல் துகள் அடியில் சிக்கினாலும் அது மேலே புடைப்பாகத் தெரியும். ஆகவே பெருக்கிய பிறகு ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த பிறகு உள்ளங்கையால் தடவிப் பாருங்கள்.

சுவரை நம்பி அதன் ஓரத்திலிருந்து தொடங்காதீர்கள். நம் வீடுகளில் பல சுவர்கள் நேர்கோட்டில் இருப்பதில்லை. எதிரெதிர்ச் சுவர்களின் நடுப்புள்ளிகளைக் குறித்து, சாக்பீஸ் தூள் பூசிய நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். அதற்குச் செங்குத்தாக இரண்டாவது கோடு போட, கொத்தனார்கள் மூலைமட்டம் பார்க்கும் 3, 4, 5 கணக்கையே பயன்படுத்துங்கள்: ஒரு கோட்டில் 3 அடியும் மற்றதில் 4 அடியும் அளந்து குறித்தால், அந்த இரு குறிகளுக்கும் இடையே சரியாக 5 அடி இருக்க வேண்டும்.

பின்தாளை உரிக்காமல் ஒரு வரிசையைக் குறுக்கே அடுக்கிப் பார்ப்பது கட்டாயம். எடுத்துக்காட்டாக, அறையின் அகலம் 116 அங்குலம் என்றால் 6 அங்குலப் பலகைகள் 19 வரிசை போக 2 அங்குலம் மிஞ்சும். அந்த இரண்டு அங்குலக் கீற்று அசிங்கமாகவும் இருக்கும், பிடித்தும் நிற்காது. ஒரு முழு வரிசையைக் குறைத்து 18 ஆக்கினால், மிஞ்சும் 8 அங்குலத்தை இரு ஓரங்களிலும் நான்கு நான்காகப் பகிர்ந்துகொள்ளலாம். சுவரோரத்தில் 3 மி.மீ. இடைவெளி விட்டு, ஓரப்பட்டியால் மூடிவிடுங்கள்.

அடுத்தடுத்த வரிசைகளின் குறுக்கு இணைப்புகள் ஒரே கோட்டில் வரக்கூடாது; குறைந்தது 6 அங்குலமாவது தள்ளி வர வேண்டும். சதுர ஓடுகளாக இருந்தால் பின்பக்கத்தில் அம்புக்குறி அச்சிட்டிருக்கும். எல்லா அம்புகளும் ஒரே திசையைப் பார்க்கும்படி ஒட்டினால் கோலம் தொடர்ந்து வரும். பலகையின் ஒரு விளிம்பை முன் பலகையோடு சேர்த்துப் பொருத்திய பிறகே மெல்லக் கீழே படியவிடுங்கள். கீழே வைத்துவிட்டுத் தள்ளினால் பசை இணைப்பில் வழிந்து ஏறும். வெட்டுவதற்கு, மட்டக்கோலை அழுத்திப் பிடித்துக் கட்டர் கத்தியால் மேல்முகத்தில் இரண்டு முறை கீறி, பின்னோக்கி மடித்தால் போதும்.

தொழில்முறையில் செய்பவர்கள் 45 கிலோ எடையுள்ள உருளையை உருட்டி அழுத்துவார்கள். வாடகைக்குக் கிடைத்தால் அதுவே சிறந்தது. கிடைக்காவிட்டால் சப்பாத்திக் கட்டையை எடுத்து, உடல் எடையை அதன் மேல் சாய்த்து, ஒவ்வொரு பலகையையும் நடுவிலிருந்து ஓரம் வரை உருட்டுங்கள். கை ஓய்ந்துவிடும் வேலைதான்; ஆனால் அந்த அழுத்தம்தான் பசையைத் தரைக்குள் இறக்குகிறது.

குளியலறையிலும் மொட்டைமாடியிலும் ஒட்டலாமா?

தரையில் கூடாது. குளியலறையின் உயரமான சுவர் ஓடுகளில், நீர் நேரடியாகப் படாத இடத்தில் படம் ஒட்டலாம்.

ஒட்டிய பிறகு எப்படிப் பராமரிப்பது? மஞ்சள் கறை போகுமா?

முதல் நான்கைந்து நாட்கள் தரையை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். கனமான பீரோவையும் இழுக்க வேண்டாம். அதன் பிறகும் வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவும் வழக்கத்தை இந்தத் தரையில் விட்டுவிட வேண்டும். நன்றாகப் பிழிந்த துணி போதும். ஆசிட்டும் மண்ணெண்ணெயும் தின்னரும் அருகே வரக்கூடாது.

ரப்பர் அடிப்பகுதி உள்ள மிதியடியை வினைல் தரையில் நிரந்தரமாகப் போட்டுவைத்தால், ரப்பரிலுள்ள வேதிப்பொருள் வினைலுக்குள் இறங்கி மஞ்சள் பழுப்பான கறையை உண்டாக்கும். அதை எந்தச் சோப்பாலும் எடுக்க முடியாது. பருத்தி மிதியடியைப் பயன்படுத்துங்கள். நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துண்டு ஒட்டுங்கள்.

சமையல் மஞ்சள் சிந்தினால் உடனே துடைப்பதே வழி. ஊறிவிட்ட கறைக்கு, சோப்பால் துடைத்த பிறகு அந்த இடத்தில் வெயில் படும்படி விடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் தானாக வெளுக்கும் தன்மையுடையது. சன்னலோரமாக இருந்தால் சில நாட்களில் கறை மங்குவதைக் காணலாம்.

வாடகை வீடு. காலி செய்யும்போது சுவரைக் கெடுக்காமல் எடுப்பது எப்படி?

ஒட்டுவதற்கு முன்பே வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எடுக்கும்போது, முடி உலர்த்தும் கருவியால் ஓரத்தைக் கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்கி, பசை இளகியதும் ஓரத்தைக் கிளப்பி, தாளைச் சுவரை ஒட்டி மடித்தபடியே மெதுவாகப் பின்னோக்கி இழுங்கள். சுவரிலிருந்து வெளிப்பக்கமாக நேராக இழுத்தால் பெயின்ட் பெயர்ந்து வரும்.

எஞ்சிய பசையை ஃபிரிட்ஜிலும் கண்ணாடியிலும் ஓட்டிலும் யூகலிப்டஸ் தைலம் மிக நன்றாக எடுக்கும். பஞ்சில் தொட்டு வைத்து ஐந்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். தேங்காய் எண்ணெயும் உதவும். பெயின்ட் அடித்த சுவரில் எண்ணெய் எதுவும் வேண்டாம், கறை படியும். அங்கே வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியே போதுமானது.

பழைய கட்டடத்தில் ஏற்கெனவே வினைல் ஓடு ஒட்டியிருக்கிறது. சுரண்டி எடுக்கலாமா?

1980களுக்கு முன் ஒட்டப்பட்டதாக இருந்தால் எதையும் சுரண்டவோ தேய்க்கவோ உடைக்கவோ வேண்டாம். அக்காலத்து வினைல் ஓடுகள் பலவற்றிலும் அவற்றின் கரிய பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருந்தது. ஓடு முழுதாக இருக்கும்வரை அது அடங்கியிருக்கும். பொடியானால் காற்றில் கலந்து நுரையீரலுக்குள் போகும். உறுதியாகப் பிடித்திருந்தால் அதன் மேலேயே புதிய தரையை அமைத்துக்கொள்ளலாம். எடுத்தே ஆக வேண்டும் என்றால், பயிற்சி பெற்றவர்களை அழைத்துச் சோதித்த பிறகு எடுக்கச் செய்யுங்கள்.

மிஞ்சிய பலகைகளை என்ன செய்வது?

நான்கைந்தை எடுத்துவையுங்கள். நிற்கவைக்காமல், பின்தாளோடு, கட்டிலுக்கு அடியில் சமமான இடத்தில் படுக்கவைத்து, பெட்டியின் தொகுதி எண் உள்ள அட்டையை வெட்டி மேலே வையுங்கள். இட்லிக் கொப்பரையின் சூடான அடிபட்டு ஒரு பலகை உருகினால், சூடு காட்டி அதை மட்டும் நெம்பி எடுத்து, அடியிலுள்ள பசையைச் சுத்தம் செய்து, புதியதை வைத்து உருட்டிவிடலாம். முதல் சில மாதங்களுக்குப் புதிய பலகை சற்றுப் பளிச்சென்று தெரியும். அது கண்ணை உறுத்தினால், பீரோவுக்கு அடியில் மறைந்திருக்கும் பழைய பலகை ஒன்றை எடுத்துக் கெட்டுப்போன இடத்தில் பொருத்தி, புதியதைப் பீரோவுக்கு அடியில் ஒட்டிவிடுங்கள். இடம் மாற்றும் பலகைக்குப் பழைய பசை போதாது என்பதால், தரை வினைலுக்கான பசையை மெல்லியதாகப் பூசி ஒட்ட வேண்டும்.